மடுவடி

கல்முனைக் கடற்கரை வீதியில் பழைய நெல்லுக் களஞ்சியம் ஒன்றுக்கு வெள்ளையடித்து, வாசலில் ஒரு பெயர்ப்பலகை மாட்டித் தொடங்கியதுதான் அந்த கிளப். வாத்திமாரும் லிகிதர்மாரும் கடை முதலாளிமாரும் அஸர் தொழுதுவிட்டு வருவார்கள். பத்திரிகை பார்ப்பார்கள், கரம்போர்ட் அடிப்பார்கள், மஃரிபுக்குப் பாங்கு கேட்டதும் எழுந்து போவார்கள். எழுபத்தெட்டாம் ஆண்டு தொடக்கத்தில் அங்கே ஒரு ஸ்நூக்கர் மேசை வந்திறங்கியது. மலைநாட்டில் வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப் போன கிளப் ஒன்றில் தூசி பிடித்துக் கிடந்ததை, அந்தப் பக்கம் வேலை பார்த்த ஊர் டாக்டர் ஒருவர் பேசி வாங்கி லொறியில் அனுப்பியிருந்தார்.

கச்சிமுகம்மது கிளப்காரன் அல்ல. சாய்ந்தமருதில் வீடு. சம்மாந்துறைப் பக்கத்து வயல் வட்டையில் ஐந்து ஏக்கர் வெள்ளாமை செய்கிறவன். வயது முப்பத்தைந்து. அன்று நெல்லு மில்லுக்குப் போய்த் திரும்புகிற வழியில் லொறியைச் சுற்றி நின்ற கூட்டத்தைக் கண்டு சைக்கிளை நிறுத்தினான். மேசைக்கு அடியில் போடுகிற கற்பலகைகள் ஐந்து இருந்தன. ஒவ்வொன்றையும் இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு அவனும் தோள் கொடுத்தான். மேசையைப் பூட்டிப் பச்சைத் துணி இழுத்துக் கட்டிய அன்று பார்க்கப் போனபோது, கிளப் தலைவர் பக்கீர் முகைதீன் ஹாஜியார், "தூக்கின மனிசனுக்கும் ஒரு அடி அடிக்கக் குடுங்க" என்று தடியை அவன் கையில் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்த தடியை அவன் விடவில்லை. இரண்டு மாதத்தில் அங்கத்தவனாகவும் சேர்ந்துவிட்டான்.

நிறப்பந்து பொக்கட்டுக்குள் விழுந்தால் மற்றவர்கள் கைதட்டுவார்கள். கச்சிமுகம்மதின் கண் அந்த நேரம் வெள்ளைப் பந்தின் மேல்தான் இருக்கும். விழுந்த பந்து விழுந்ததுதான். அடுத்த அடி எப்படி இருக்கப்போகிறது என்பது வெள்ளை போய் நிற்கிற இடத்தில் இருந்தது. அதன் நடு வயிற்றில் குத்தினால் மோதிய இடத்திலேயே நின்றது. உச்சியில் குத்தினால் பின்னாலேயே ஓடியது. அடியில் குத்தினால் கயிறு கட்டி இழுத்த மாதிரித் திரும்பி வந்தது. ஒரே பந்தை மூன்று நான்கு விதமாக விழுத்தலாம்; எந்த விதம் என்று குனிவதற்கு முதலே முடிவெடுக்க வேண்டும். குனிந்த பிறகு யோசிக்கிறவன் தோற்பான். இதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தோற்றுத் தோற்றுக் கண்டுகொண்டான்.

அவனுக்கு அங்கே கிடைத்த கூட்டாளி ஷரிபுதீன். கல்முனைக்குடியில் பெண் கட்டியவன், கூட்டுறவுக் கடை ஒன்றில் தற்காலிக லிகிதர். கச்சிமுகம்மதின் வயதுதான். ஆறடி உயரம், நீண்ட கை. எவ்வளவு தூரத்துப் பந்தையும் கண் இமைக்காமல் பொக்கட்டுக்குள் போட்டுவிடுவான், ஆனால் வெள்ளை எங்கே போனால் என்ன என்று இருப்பான். இரண்டு பேரும் எதிர்த்து விளையாடினால் சண்டைதான் வரும். சோடியாக விளையாடினால் யாரும் கிட்ட வர முடியாது.

அந்த வருடம் கார்த்திகையில் சூறாவளி அடித்தது. ஊரில் தென்னை நின்ற இடத்தில் வானம் தெரிந்தது. கச்சிமுகம்மதின் வீட்டுக் கூரை பறந்தது, வட்டையில் பயிர் தண்ணீருக்கடியில் கிடந்தது. எல்லாவற்றையும் ஒரு வழிப்படுத்திவிட்டு ஒரு மாதம் கழித்துத்தான் கிளப் பக்கம் போனான். அங்கே பாதிக் கூரையைக் காணவில்லை. மேசை மழையில் ஊறிக் கிடந்தது. ஷரிபுதீன் தனியாக நின்று துணியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"நீ வருவாய் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன் மச்சான்" என்றான். "எறியச் சொல்றாங்க. எறியிறதா?"

எறியவில்லை. துணியைக் கழுவிக் காயவைத்து, கிழிந்த இடத்தைக் கச்சிமுகம்மதின் மனைவி ஜுனைதாவிடம் கொடுத்துத் தைத்து எடுத்தார்கள். பலகைகளைத் துடைத்து மறுபடியும் பொருத்தினார்கள். ஆனால் கடல் பக்கத்து மண் உள்ளே இளகிப்போயிருந்ததால் மேசையின் அந்தப் பக்கத்துக் கால்கள் ஒரு நூல் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டன. கண்ணுக்குத் தெரியாது. வேகமாகப் போகிற பந்துக்கும் தெரியாது. மெதுவாக உருள்கிற பந்து மட்டும் கடைசி இரண்டு முழத்தில் கடல் பக்கம் சரிந்து போகும்.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்தே வளர்ந்தவனுக்கு அது பெரிய காரியமில்லை. மூன்று மாதம், பின்னேரங்களில், இரண்டு பேரும் வெள்ளைப் பந்தை மட்டும் வைத்துக்கொண்டு உருட்டி உருட்டிப் பார்த்தார்கள். எந்த இடத்திலிருந்து எவ்வளவு மெதுவாக விட்டால் எங்கே போய் நிற்கிறது என்று மனப்பாடமாயிற்று. கடல் பக்கத்து ஜன்னலடி மூலையில் ஒரு இடம் இருந்தது; மெதுவாக வருகிற பந்தெல்லாம் கடைசியில் அங்கே போய் மேசை விளிம்புக் குஷனோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே நிற்கிற வெள்ளையை அடித்து எதையும் விழுத்துவது லேசில்லை. தண்ணீர் போய்த் தேங்குகிற மடு போல இருந்ததால் கச்சிமுகம்மது அதற்கு மடுவடி என்று பெயர் வைத்தான். நடுப் பொக்கட்டுக்கு ஒரு சாண் முன்னால், பந்து திடீரென்று திசை மாறுகிற இடத்துக்கு வக்கடை என்று பெயர். வரம்பை வெட்டித் தண்ணீர் விடுகிற இடம் போல அங்கே பந்து திரும்பும். வேறு யார் முன்னாலும் அவர்கள் இந்தப் பெயர்களைச் சொன்னதில்லை. இரண்டு பேர் மட்டும் பேசிச் சிரித்துக்கொண்ட சொற்கள் அவை.

அதற்குப் பிறகு அந்த மேசையில் அவர்களை வெல்ல ஆளில்லை. அவர்களுடைய ஆட்டம் ஒரே மாதிரிதான். கச்சிமுகம்மது அடைப்பான், அதாவது விழுத்த நல்ல பந்து இல்லாவிட்டால், வெள்ளையை மெல்ல விட்டு மடுவடியில் கொண்டுபோய் வைப்பான். எதிராளி அங்கிருந்து தடுமாறி எதையாவது திறந்து விட்டுப் போவான். அடுத்து வருகிற ஷரிபுதீன் நீட்டிக் குனிந்து போட்டு முடிப்பான். வெளியூரிலிருந்து வந்த சோடிகள் மேசையை விளங்கிக்கொள்வதற்குள் தோற்றுவிட்டுப் போய்விடும்.

எண்பதாம் ஆண்டு கொழும்பில் சோடிப் போட்டி ஒன்று வைப்பதாகக் கடிதம் வந்தது. கிழக்கிலிருந்து ஒரு சோடியை அனுப்பலாம். மேசை இருந்த கிளப்கள் இரண்டுதான். ஒன்று இது, மற்றது அம்பாறைப் பக்கத்து ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றின் கிளப். அங்கே மனேஜராயிருந்த றஸாக்கும், எஞ்சினியர் புண்ணியமூர்த்தியும் ஏற்கெனவே இரண்டு தடவை கல்முனைக்கு வந்து தோற்றவர்கள். இந்த முறையும் இங்கேதான் விளையாட வேண்டும் என்று சீட்டு விழுந்தது. மூன்று ஆட்டம், இரண்டை வெல்கிறவர்கள் கொழும்புக்கு.

கச்சிமுகம்மது அதுவரை கொழும்பைக் கண்டதில்லை. ஊரில் அவனை வெள்ளாமைக்காரன் என்று தெரியும், இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன் என்று தெரியும். அவனாகத் தேடிக்கொண்டது என்று சொல்ல இந்த மேசை ஒன்றுதான் இருந்தது. சிறுபோக வெட்டு முடிந்த கையோடு ஜுனைதாவைக் கொண்டு ஒரு கறுப்புக் காற்சட்டை தைப்பித்து வைத்தான்.

அந்த மாதங்களில் ஷரிபுதீன் ஓரிரு ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு வரவில்லை. கேட்டதற்கு, "மாமிட தம்பிக்குச் சுகமில்ல, அம்பாறை ஆசுபத்திரியில பார்க்கப் போன நான்" என்றான். கச்சிமுகம்மது அந்த மனிதருக்காக துஆவும் செய்தான்.

ஆட்டம் ஒரு ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியது. களஞ்சியத்தின் நான்கு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். முதல் ஆட்டம் பாதி கடந்தபோது றஸாக்குக்கு நீலப் பந்து வந்தது. அதை விழுத்துவது சுலபம்; அடுத்த சிவப்புக்கு வெள்ளையைக் கொண்டுபோவதுதான் கஷ்டம். வெளியூர்க்காரன் எவனும் வேகமாக அடித்து இரண்டு குஷனில் பட்டுத் திரும்ப வைப்பான். இல்லையென்றால் நேராக மெல்ல விட்டு, பந்து சரிந்து போவதைப் பார்த்து வாய் பிளப்பான். றஸாக் இரண்டும் செய்யவில்லை. போக வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் மேற்கே தள்ளிப் பார்த்து, மிக மெதுவாக விட்டார். வெள்ளை நேராகப் போய், வக்கடையில் திரும்பி, கடல் பக்கம் சரிந்து, சிவப்புக்குப் பின்னால் நல்ல பிள்ளையாக நின்றது.

தற்செயல் என்று நினைத்தான் கச்சிமுகம்மது.

அடுத்த முறை புண்ணியமூர்த்தியும் அதையே செய்தார். காரைதீவுக்காரர், கண்ணாடி போட்ட அமைதியான மனிதர். குனிவதற்கு முதல் மேசையைச் சுற்றி நடந்து, வக்கடை இருந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் குனிந்தார். துணியில் அந்த இடத்துக்கு ஒரு அடையாளமும் கிடையாது. பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

முதல் ஆட்டம் போயிற்று.

"மேசைய விளங்கிட்டானுகள் மச்சான்" என்று கச்சிமுகம்மது மெல்லச் சொன்னான்.

"ரெண்டு தரம் வந்தவங்கதானே" என்றான் ஷரிபுதீன், தடி நுனிக்குச் சோக் பூசியபடியே. நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் கச்சிமுகம்மது தன் கணக்கை மாற்றினான். மெதுவான அடியால் இனி இலாபமில்லை. அது எதிரிக்கும் தெரிந்த வழி. வெள்ளையை அந்த இடத்திலேயே நிறுத்துகிற அடிகளையும், அடியில் குத்தித் திருப்பி எடுக்கிற அடிகளையும் மட்டும் பொறுக்கினான். வேகமாகப் போகிற பந்துக்குச் சரிவு கிடையாது. ஷரிபுதீனும் நெருப்பாக விளையாடினான். தொடர்ந்து நான்கு பந்து போட்டான், ஒன்று மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. ஆட்கள் கத்தினார்கள். ஆட்டம் அவர்களுக்கு வந்தது.

மூன்றாவது ஆட்டம் நண்பகல் லுஹர் நேரத்தை நெருங்கும்வரை இழுபட்டது. பந்துகள் ஒவ்வொன்றாகக் குறைந்து பிங்க்கும் கறுப்பும்தான் மிச்சம். புண்ணியமூர்த்தியின் முறை. அவர் தடியைத் தூக்கிக்கொண்டு தயங்கினார். றஸாக் அவர் காதருகே போய், "பிங்க்கைப் போடப் பார்க்காம உரசிட்டு ஒள்ளுப்பமா மெல்ல விடுங்க, எஞ்சினியர். வெள்ளை தன்பாட்டில மடுவடிக்குப் போயிரும்" என்றார்.

கச்சிமுகம்மது மூன்றடி தள்ளி நின்றான். தெளிவாகக் கேட்டது.

சரிவை ஒருவன் கண்டுபிடிக்கலாம். இரண்டு தடவை தோற்றவன் மூன்றாம் தடவை புத்தியோடு வரலாம். மடுவடி என்ற சொல்லை மேசையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அது அவன் வாயில் பிறந்த சொல். அதைக் கேட்ட காது உலகத்தில் ஒன்றுதான்.

அவன் ஷரிபுதீனைப் பார்த்தான். ஷரிபுதீனுக்கும் கேட்டிருந்தது. அவன் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கழுத்து வேர்த்துச் சட்டைக் கொலர் நனைந்திருந்தது.

புண்ணியமூர்த்தி பிங்க்கை உரசினார். ஆனால் கை கொஞ்சம் கூடி, பிங்க் பொக்கட்டுக்குள் விழுந்துவிட்டது. வெள்ளை மடுவடியில் நிற்காமல் குஷனில் பட்டு வெளியே வந்தது. பிங்க் விழுந்ததால் கறுப்பையும் அவரே அடித்துப் பார்த்தார், விழவில்லை. அது மேற்குக் குஷனோரம் உருண்டு போய் நின்றது. எதிராளிகள் நான்கு புள்ளி முன்னால். கறுப்புக்கு ஏழு. அதை யார் போட்டாலும் ஆட்டம் முடிந்தது. கச்சிமுகம்மதின் முறை.

ஆயிரம் தடவை விளையாடிய நிலைதான் அது. கறுப்பை மெல்ல உரசி மேசையின் மறுமுனைக்கு அனுப்ப வேண்டும். வெள்ளை தானாகச் சரிந்து மடுவடிக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். முழு மேசை தூரம். அங்கிருந்து றஸாக்கால் ஒன்றும் செய்ய முடியாது, எதையாவது திறந்து விடுவார். அடுத்தது ஷரிபுதீன். அவன் போடுவான்.

போடுவானா?

கச்சிமுகம்மது மேசையை ஒருமுறை சுற்றி வந்தான். மற்ற வழி, கறுப்பை இப்போதே குஷனோரமாக நேராக மூலைப் பொக்கட்டுக்கு அடிப்பது. மூன்று தடவை அடித்தால் ஒரு தடவை விழுகிற பந்து. வேறு நாளென்றால் அதை நினைத்தும் பார்த்திருக்க மாட்டான். குனிந்தான். அடைக்கிற அடிக்குத்தான் முதலில் கையை வைத்தான். அப்போது எதிர்ப் பக்கத்தில் ஷரிபுதீனின் நீண்ட விரல்கள் தடியைப் பிடித்திருப்பது கண்ணில் பட்டது. அந்த விரல்களுக்காக வெள்ளையை விட்டுவைக்க அவன் கை மறுத்துவிட்டது. கையை எடுத்து வைத்து, மாற்றிப் பிடித்து, கறுப்பை ஓங்கி அடித்தான்.

பந்து பொக்கட்டின் வாய்க்குள் போய், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பட்டு, விளிம்பில் நின்றது. கூட்டம் "ஆ" என்றது. றஸாக் வந்து ஒரு விரலால் தள்ளுகிற மாதிரித் தட்டி உள்ளே போட்டார்.

ஹாஜியார் கச்சிமுகம்மதின் தோளைப் பிடித்து, "ஏன் தம்பி அடைக்கல்ல? நீ அடைக்கிற பந்துதானே அது?" என்று கேட்டார். அவன் தடியை வைத்துவிட்டுப் பள்ளிக்குத் தொழப் போனான். தொழுகையில் எத்தனை றக்அத் முடிந்தது என்று அவனுக்கு நினைவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் புண்ணியமூர்த்தி மோட்டார் சைக்கிளில் சாய்ந்தமருதுக்குத் தேடி வந்தார். கதிரை போட்டு இருத்தினார்கள். தேத்தண்ணீர் குடித்துவிட்டு, "தம்பி, ஒண்டு கேக்கிறன், கோவிக்கப்படாது" என்றார். "உங்கட கூட்டாளி மேசையைத் தாளில கீறித் தந்தது உங்களுக்குத் தெரியுந்தானே?"

கச்சிமுகம்மது தலையை ஆட்டினான், இல்லை என்று.

புண்ணியமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் ரெண்டு ஞாயிறு எங்கட ஃபெக்டரிக்கு வந்தவர். மனேஜரோட இருந்து கீறினவர். வெளியில இருந்து வாறவைக்கு மேசையைப் பற்றிச் சொல்றது உங்கட கிளப்பில ஒழுங்கு எண்டுதான் மனேஜர் என்னட்டச் சொன்னார். நானும் நல்ல மனிசர்தான் எண்டு நினைச்சன். அண்டைக்கு உங்கட முகத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கல்ல." சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து வைத்தார். "நான் கொழும்புக்குப் போகல்ல. அதையும் மனேஜரிட்டச் சொல்லிப்போட்டன். இதை உங்கட கிளப்பில காட்டினா ஆட்டத்தைத் திருப்பி வைப்பினம். நான் வந்து சாட்சி சொல்றன்."

அவர் போன பிறகு கச்சிமுகம்மது தாளை விரித்தான். கட்டம் போட்டு, ஷரிபுதீனின் அழகான கையெழுத்தில், மேசை முழுவதும் இருந்தது. எங்கிருந்து விட்டால் எங்கே போகும் என்று அம்புக்குறிகள். மூன்று மாதத்துப் பின்னேரங்கள். மூலையில் மடுவடி. நடுவில் வக்கடை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கச்சிமுகம்மது ஷரிபுதீனின் வீட்டுக்குப் போனான். வாசலுக்கு வந்த றாஹிலா, ஷரிபுதீனின் மனைவி, அவனைக் கண்டதும் சொந்த அண்ணனைக் கண்டதுபோல முகம் மலர்ந்தாள்.

"வாங்க காக்கா, வாங்க! ஒங்களுக்குத்தான் முதல்ல சொல்ல வேணும் எண்டு இருந்த நான். இவருக்கு ஓட்டு ஃபெக்டரியில நிரந்தர வேல கிடைச்சிரிக்கு. அல்லாஹ் கண் தெறந்திட்டான். நேற்றுத்தான் கடிதம் வந்த." உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "இஞ்ச, யாரு வந்திருக்கா பாருங்க!"

அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. கச்சிமுகம்மது, "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். அதைப் பொய்யாகவும் சொல்லவில்லை.

ஷரிபுதீன் வந்து எதிரே இருந்தான். றாஹிலா தேத்தண்ணீர் வைக்க அடுப்படிக்குப் போனாள். கச்சிமுகம்மது தாளை எடுத்து இருவருக்கும் நடுவிலிருந்த ஸ்டூலின் மேல் வைத்தான். ஷரிபுதீன் அதைத் தொடவில்லை.

"ஒம்பது வருசம் மச்சான்" என்றான், குரலைத் தாழ்த்தி. "ஒவ்வொரு மாசமும் வேல இரிக்குமா நிக்குமா எண்டு தெரியாம ஒம்பது வருசம். வேலைக்கு எழுதிப் போட்ட நான். கூப்பிட்டாரு. போனா மேசையப் பற்றிக் கேட்டாரு. மறுகா பேப்பரையும் பேனையையும் எடுத்து முன்னால வச்சாரு. நான் என்ன செய்ய?"

"என்னட்ட வந்து சொல்லியிரிக்கலாமே. மச்சான், வேல ஒண்டு வருது, இவன் மேசையக் கேக்கிறான் எண்டு சொல்லியிருந்தா நானே கீறித் தந்திருப்பன். கொழும்பு எங்க ஓடப் போகுது?"

"தந்திருப்பாய்தான். கேக்க வெக்கமாப் போச்சி."

"வாய்க்குச் சொல்ல வெக்கம். செய்ய வெக்கமில்ல."

ஷரிபுதீன் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"சரிவக் குடுத்தாய், சரி. பேர ஏன்டா எழுதினாய்?" என்று கேட்டான் கச்சிமுகம்மது. "மடுவடி எண்டு அந்த ஆள்ட வாயில கேக்கக்குள்ள எனக்கு எப்படி இருந்திச்சு தெரியுமா?"

"வேற பேர் எனக்குத் தெரியாதே மச்சான்" என்றான் ஷரிபுதீன். "அதுக்கு அதுதானே பேர்."

அடுப்படியில் கோப்பைகள் சத்தம் போட்டன. ஷரிபுதீன் முன்னுக்குச் சாய்ந்தான். கண் சிவந்திருந்தது.

"ஆனா ஒண்டு கேளு. நான் மேசையத்தான் குடுத்த நான், ஆட்டத்தக் குடுக்கல்ல. ரெண்டாவது ஆட்டத்துல நான் எப்படி அடிச்ச நான் எண்டு நீ பார்த்தாய். அவனுக்கு மேசை தெரிஞ்சாலும் நாம வெல்லுவம் எண்டுதான் நெனச்சன். கடைசியில நீ அடைச்சிருந்தா, குர்ஆன் மேல சத்தியமா, நான் கறுப்பப் போட்டிருப்பன்."

"சத்தியம் பண்ணாத" என்றான் கச்சிமுகம்மது.

றாஹிலா தேத்தண்ணீரோடு வந்தாள். இரண்டு பேரும் குடித்தார்கள். பிள்ளைகளின் படிப்பு, வெள்ளாமை, மழை எப்போது தொடங்கும் என்று அவள் கேட்டதற்கெல்லாம் கச்சிமுகம்மது பதில் சொன்னான். எழும்பும்போது தாளை ஷரிபுதீன் பக்கம் நகர்த்தி, "இது ஒன்ட எழுத்து. நீயே வச்சிக்க" என்றான். வாசலில் றாஹிலா ஜுனைதாவுக்கென்று ஒரு பணியாரப் பொட்டலம் கொடுத்தாள். அதை வேண்டாமென்று சொல்ல அவனுக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை. சைக்கிளில் மாட்டிக்கொண்டு வந்தான்.

கிளப்பில் அவன் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் ஆட்டம் திரும்பும். றஸாக் கோபத்தில் அந்த வேலைக் கடிதத்தையும் திருப்பி வாங்கிவிடுவார். வாசலில் நின்ற றாஹிலாவின் முகம் வந்து வந்து போனது. அதற்காகத்தான் பேசாமல் இருக்கிறான் என்று அவனே நினைத்துக்கொண்டான்.

இரண்டு கிழமை கழித்து ஒரு பின்னேரம் சாப்பாடு வைக்கும்போது ஜுனைதா, "றாஹிலா கடைத்தெருவுல சப்பாத்துத் தேடித் திரியிறா. கொழும்புல வெறுங்காலோட விளையாட விடமாட்டாங்களாம்" என்றாள்.

"ஆருக்குச் சப்பாத்து?"

"ஷரிபுதீன் காக்காவுக்குத்தான். அந்த எஞ்சினியர் வரமாட்டன் எண்டாராம். மனேஜரோட இவரு போறாராம், இப்ப அந்த ஃபெக்டரி ஆள்தானே. ஒங்களுக்குத் தெரியாதா?"

கச்சிமுகம்மது கையைக் கழுவிவிட்டு எழுந்தான். ஷரிபுதீன் தாள் கீறிக் கொடுத்ததைக்கூட அவன் மனம் எப்படியோ மடக்கி ஒரு பக்கம் வைத்திருந்தது. இதை வைக்க இடம் இருக்கவில்லை. பெட்டியைத் திறந்து, தைத்து வைத்திருந்த கறுப்புக் காற்சட்டையை எடுத்து மனைவியிடம் கொடுத்து, "இத வெட்டிப் புள்ளைக்கு என்னவாவது தையி" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

மறுநாள் ஹாஜியாரிடம் போய், "மேசை கடல் பக்கம் சரிஞ்சிரிக்கு. நேராக்கித் தாறன்" என்றான்.

"இத்தன நாளாச் சொல்லல்லியே தம்பி?"

"இத்தன நாளும் சொல்லல்ல. என்ட பிழ."

மேசன் ஒருவரிடம் ரசமட்டம் வாங்கி, நான்கு பேரைப் பிடித்து மேசையைக் கிளப்பி, கடல் பக்கத்துக் கால்களுக்குக் கீழே சீமெந்து போட்டு, பலகை ஆப்பு வைத்து, ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை இரண்டு நாள் வேலை செய்தான். முடிந்ததும் வெள்ளைப் பந்தை எடுத்து மெல்ல உருட்டினான். நேராகப் போய் நேராக நின்றது. மடுவடி என்று ஒரு இடம் இனி இல்லை.

அதனால் அதிகம் தோற்றவனும் அவன்தான். கை பழைய மேசைக்கே அடித்துக்கொண்டிருந்தது. ஒரு சாண் தள்ளிப் பார்த்து விடுவான். வெள்ளை திரும்பாமல் தன்பாட்டுக்கு ஒரு சாண் தள்ளியே போய் நிற்கும். நேற்றுத் தடி பிடித்த வாத்திமார்கூட அவனை வென்றார்கள். பெரும்போகம் விதைத்து, களை எடுத்து, வெட்டுக்கு வரும் காலம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு கை மெல்ல மெல்லச் சரிக்கு வந்தது. தனியாகவே விளையாடினான். சோடி சேரக் கேட்டவர்களிடம் வட்டையில் வேலை என்றான்.

கொழும்பில் றஸாக்கும் ஷரிபுதீனும் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினார்கள் என்று கேள்விப்பட்டபோது அவனுக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. வெள்ளையை யார் ஷரிபுதீனுக்குச் சரியாக வைத்துக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே கோபப்பட்டான்.

அடுத்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகை முடிந்ததும் ஷரிபுதீன் ஆட்களை விலக்கிக்கொண்டு அவனிடம் வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான், புதுச் சட்டை. ஸலாம் சொல்லி இரண்டு கையையும் நீட்டினான். கச்சிமுகம்மது பிடித்தான். கட்டியணைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் சுகமா என்று கேட்டுக்கொண்டார்கள்.

"மேசைய நேராக்கிட்டாயாம்" என்றான் ஷரிபுதீன். "ஒரு நாளைக்கு வரட்டா? ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் அடிப்பம்."

"கிளப் தெறந்துதான் இரிக்கு" என்றான் கச்சிமுகம்மது.

வீட்டுக்கு வந்ததும் ஜுனைதா கேட்டாள். பெண்கள் பக்கத்திலிருந்து அவள் கண்டிருந்தாள். "ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சீங்க. கோவம் தீந்திட்டா?"

"கோவம் இல்ல."

"அப்ப அவரோட விளையாடப் போவீங்களா?"

அவன் தொப்பியைக் கழற்றி மடித்து வைத்தான்.

"அவன் அண்டைக்குக் கறுப்பப் போட்டிருப்பானா இல்லியா எண்டு எனக்கு இன்னும் தெரியா புள்ள" என்றான். "அவனுக்கும் தெரியாதாக்கும். அவன்ட பக்கத்துல எப்படிப் போய் நிக்கிற?"

ஜுனைதா வட்டிலாப்பத்தில் ஒரு துண்டை வெட்டித் தட்டில் வைத்து அவன் பக்கம் தள்ளிவிட்டு, பெருநாள் வீட்டுக்கு யாரோ வருகிற சத்தம் கேட்டு வாசலுக்குப் போனாள்.